நமக்குப் பிறகு பிள்ளை எங்கே இருப்பான்? தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றோடு வளர்ந்து 18 வயதைத் தாண்டிய மகனோ மகளோ உங்கள் வீட்டில் இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்காக. பிள்ளை கடைசிவரை ஒரே கூரையின் கீழ் நிம்மதியாக இருக்க நாம் உயிரோடிருக்கும்போதே என்னென்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று இதில் சொல்லியிருக்கிறோம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். வீடு மட்டும் இருந்தால் போதாது. பிள்ளை சார்பில் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும். மாதாமாதம் பணம் வர வேண்டும். அந்த இடத்தில் வாழப் பிள்ளை பழகியிருக்கவும் வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வீடு கைவிட்டுப் போய்விடும். இரண்டு படுக்கையறை ஃபிளாட்டை மகன் பெயரில் எழுதிவைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிற பெற்றோர் பலர். அவர்கள் காலத்துக்குப் பிறகு அந்த ஃபிளாட்டின் சொத்து வரியைக்கூடக் கட்ட ஆளில்லாமல் போகிறது.

எல்லாப் படிகளையும் முடிக்க ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டுகள் ஒதுக்குங்கள். பெற்றோரில் ஒருவருக்கு 60 வயது ஆகிவிட்டால் தள்ளிப்போடாதீர்கள்.

1. சான்றிதழ்களைச் சரிசெய்யுங்கள்

சிறு வயதில் வாங்கிய ஊனமுற்றோர் சான்றிதழை வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போக முடியாது. 18 வயதுக்குப் பிறகு மருத்துவக் குழு முன் மறுமதிப்பீடு செய்து, 'நிரந்தரம்' என்று குறிப்பிட்ட சான்றிதழும் யு.டி.ஐ.டி. அட்டையும் (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) வாங்குங்கள். சான்றிதழில் 'தற்காலிகம்' என்றோ மறுஆய்வுத் தேதியோ இருந்தால், அந்தத் தேதி வந்ததும் உதவித்தொகையும் ஓய்வூதியமும் நின்றுபோகும்.

கையில் இருக்க வேண்டியவை: யு.டி.ஐ.டி. அட்டை, ஆதார், பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டையில் பெயர், பிள்ளை பெயரில் பான் அட்டை, வங்கிக் கணக்கு. எல்லாவற்றிலும் பெயரின் எழுத்தும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாமதம் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. ஒன்றில் 'எஸ். கார்த்திக்', இன்னொன்றில் 'கார்த்திக் எஸ்.', மூன்றாவதில் 'கார்த்திகேயன்' என்றிருந்தால், பின்னால் ஒவ்வொரு மேசையிலும் திருப்பி அனுப்புவார்கள். ஆதாரை முதலில் திருத்தி, மற்றவற்றை அதற்கேற்ப மாற்றுங்கள்.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தொடங்குங்கள். உங்கள் பகுதியில் 'விழுதுகள்' சேவை மையம் இருந்தால் அங்கேயும் வழிகாட்டுவார்கள்.

2. சட்டப்படியான பாதுகாவலரை நியமியுங்கள்

18 வயது முடிந்த நாளிலிருந்து, சட்டத்தின் பார்வையில் நீங்கள் பிள்ளையின் இயற்கைப் பாதுகாவலர் அல்ல. வங்கியும் சார்பதிவாளரும் உங்களிடம் நியமன உத்தரவு கேட்பது இதனால்தான்.

1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், மேலே சொன்ன நான்கு வகைக் குறைபாடுகளுக்கும் நீதிமன்றம் போகாமலே பாதுகாவலரை நியமிக்க வழி தருகிறது. மாவட்ட ஆட்சியர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் என மூவர் கொண்ட உள்ளூர்க் குழுதான் உத்தரவு தரும். விண்ணப்பம் 'படிவம் அ'. அதோடு இணைக்க வேண்டியவை: யு.டி.ஐ.டி. அல்லது மருத்துவச் சான்றிதழ், வயது மற்றும் முகவரிச் சான்று, பிள்ளையோடு சேர்ந்து எடுத்த புகைப்படம், விண்ணப்பதாரரின் அடையாளச் சான்று, சாட்சிகளின் விவரம், பிள்ளை பெயரில் சொத்து இருந்தால் அதன் பட்டியல். பெற்றோர் அல்லாதவர் விண்ணப்பித்தால் பெற்றோரின் சம்மதக் கடிதமும் வேண்டும். தேசிய அறக்கட்டளையில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றின் மூலம் போனால் வேலை சுலபமாகும்.

குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது சட்டம். ஆட்சியருக்கு ஆயிரம் வேலை இருப்பதால் கூட்டம் தள்ளிப்போவது சாதாரணம். மனு கொடுத்த தேதி முத்திரையோடு நகல் வாங்கி வைத்து, அடுத்த கூட்டம் எப்போது என்று எழுத்தில் கேளுங்கள்.

பலர் கவனிக்காமல் விடும் மூன்று விஷயங்கள் உண்டு.

பாதுகாவலர் இறந்தால் உத்தரவு அவரோடு முடிந்துவிடும்; அடுத்தவருக்குத் தானாகப் போகாது. ஆகவே அப்பா, அம்மா இருவரும் கூட்டாக விண்ணப்பியுங்கள். உங்களுக்குப் பிறகு யார் விண்ணப்பிக்கப் போகிறார் என்பதை அவரிடம் இப்போதே பேசி, உயிலிலும் எழுதிவையுங்கள். மகளுக்கு அண்ணனோ தம்பியோ பாதுகாவலராவதாக இருந்தால், அவர் மனைவி பெயரையும் சேர்த்தே மனு செய்வது நல்லது.

நியமனம் ஆன ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து மூன்று மாதத்துக்குள், அதாவது ஜூன் 30-க்குள், வரவுசெலவுக் கணக்கு கொடுக்க வேண்டும். கொடுக்காமலே காலம் தள்ளிவிடலாம்தான். ஆனால் நாளைக்கு உறவினர் யாராவது தகராறு செய்தால் இந்தக் கணக்குதான் உங்களைக் காப்பாற்றும்.

மனச்சிதைவு போன்ற மனநோய் இந்தச் சட்டத்தில் வராது. அதற்கு 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, சிகிச்சை முடிவுகளில் துணை நிற்கும் நியமனப் பிரதிநிதியைக் குறிப்பிடலாம். சொத்து விவகாரங்களுக்கு, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி வரையறுக்கப்பட்ட பாதுகாவலரை (குறிப்பிட்ட முடிவுக்கும் காலத்துக்கும் மட்டும் துணை நிற்பவர்) கேட்டு மாவட்ட நீதிமன்றத்தை அணுக வேண்டும். இதற்கு வழக்கறிஞர் அவசியம்.

3. எங்கே, யாரோடு என்பதைத் தீர்மானியுங்கள்

பத்திரம் எழுதுவதற்கு முன்பே இதைப் பேசி முடிவெடுங்கள். நடைமுறையில் நான்கு வழிகள்தான் உண்டு: சொந்த வீட்டிலேயே உதவியாளரோடு இருப்பது, அண்ணன், தங்கை குடும்பத்தோடு இருப்பது, நான்கைந்து பேர் மட்டும் சேர்ந்து வாழும் சிறு குழு இல்லம், தொண்டு நிறுவனம் நடத்தும் வாழ்நாள் இல்லம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து குடியேறும் குடியிருப்புகளும் இப்போது வருகின்றன.

பிள்ளையிடம் கேளுங்கள். பேச்சு வராத பிள்ளைக்கும் விருப்பு வெறுப்பு உண்டு. படம் காட்டியோ, நேரில் கூட்டிப் போயோ, முகம் பார்த்தோ தெரிந்துகொள்ளலாம். குறிப்பிட்ட ஓர் இடத்தில்தான் வாழ வேண்டும் என்று மாற்றுத்திறனாளி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது 2016 சட்டத்திலேயே இருக்கிறது.

கூடப்பிறந்தவரிடமும் தனியாகக் கேளுங்கள். 'நான் பார்த்துக்கிறேம்பா' என்ற ஒரு வார்த்தையை நம்பி எல்லாவற்றையும் தீர்மானிக்காதீர்கள். அந்த வார்த்தை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வேலை மாற்றம், வெளிநாடு, அவர் குழந்தையின் படிப்பு எல்லாம் நடுவே வரும். 'தினமும் குளிப்பாட்டிவிட வேண்டும், இரவில் இரண்டு முறை எழ வேண்டும், உன்னால் முடியுமா? இல்லை, இல்லத்தில் விட்டு மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து, பணத்தை மேற்பார்வை செய்தால் போதுமா?' என்று பிரித்துக் கேளுங்கள். இரண்டாவதற்கு மனமாரச் சம்மதிக்கிற தங்கை, முதலாவதற்குத் தயங்கித் தலையாட்டுகிற அண்ணனைவிட மேல்.

4. வீடு யார் பெயரில்? இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது

(அ) எதுவும் எழுதாமல் விடுவது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, குறைபாட்டைக் காரணம் காட்டி யாருக்கும் பங்கை மறுக்க முடியாது. பிள்ளைக்குச் சம பங்கு உண்டு. ஆனால் மற்ற வாரிசுகள் பாகப்பிரிவினை கேட்டால் வீட்டை விற்க வேண்டி வரும். பிள்ளையிடம் விடுதலைப் பத்திரத்தில், அதாவது பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில், கைநாட்டு வாங்கிச் 'சுலபமாக முடித்துவிடலாம்' என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். புரிந்து போடாத கையெழுத்து செல்லாது. பின்னால் வழக்குதான் மிஞ்சும்.

(ஆ) முழுவதையும் பிள்ளை பெயருக்கே எழுதுவது. பார்க்க அன்பாகத் தெரியும். ஆனால் வீட்டை விற்று இல்லத்தில் சேர்க்க வேண்டிய நிலை வந்தால், பிள்ளையின் கையெழுத்தை யாரும் ஏற்க மாட்டார்கள். பாதுகாவலரிடமும் நீதிமன்ற அனுமதி கேட்பார்கள்.

(இ) முழுவதையும் கூடப்பிறந்தவருக்கு செட்டில்மென்ட் (உயிரோடிருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுக்கும் பத்திரம்) செய்துவிட்டு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது. தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் செட்டில்மென்டுக்குச் செலவு குறைவு: முத்திரைத் தீர்வை சொத்து மதிப்பில் 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். இது 2023 ஜூலை முதல் உள்ள விகிதம். செலவு குறைவு என்பதாலேயே பலர் இந்த வழியில் போகிறார்கள். 'பார்த்துக்கொள்ளாவிட்டால் 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தில் ரத்து செய்துவிடலாம்' என்று சொல்வார்கள். கவனியுங்கள்: அந்தச் சட்டம் எழுதிக்கொடுத்த பெற்றோரைப் பராமரிக்காமல் விட்டதற்குத்தான் பொருந்தும். உங்களை நன்றாக வைத்துக்கொண்டு, உங்கள் காலத்துக்குப் பிறகு தம்பியைக் கைவிட்டால் அந்தச் சட்டம் உதவிக்கு வராது.

(ஈ) ஆயுட்கால உரிமை. பெரும்பாலான நடுத்தரக் குடும்பங்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். வீட்டில் குடியிருக்கும் உரிமை பிள்ளைக்கு ஆயுள்வரை. அதன் பிறகு முழு உரிமை கூடப்பிறந்தவருக்கு. வாசகம் இப்படி இருக்கலாம்: 'மேற்படி சொத்தில் என் மகன் தன் ஆயுட்காலம் வரை வாடகை ஏதுமின்றிக் குடியிருந்து அனுபவித்துவர வேண்டியது. அவன் அங்கே குடியிருக்க இயலாமற்போனால் அதன் வாடகை வருமானம் முழுவதும் அவன் பராமரிப்புக்கே செலவிடப்பட வேண்டியது. அவன் ஆயுளுக்குப் பிறகு என் மகள் சர்வ சுதந்திர பாத்தியமாய் அடைந்துகொள்ள வேண்டியது.' நடுவில் உள்ள வாடகை வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், பிள்ளை இல்லத்துக்குப் போன மறுநாளே வீடு பூட்டிக் கிடக்கும், அல்லது வாடகை வேறு கைக்குப் போகும்.

இதை உயிலாக எழுதலாம், செட்டில்மென்டாகவும் எழுதலாம். செட்டில்மென்ட் வில்லங்கச் சான்றில் தெரியும். மூன்றாம் மனிதர் ஏமாற்றி வாங்க முடியாது. ஆனால் பின்னால் மாற்றவும் முடியாது. உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பதிவு செய்தாலும் வில்லங்கச் சான்றில் வராது. உங்கள் மருத்துவச் செலவுக்கு வீட்டை விற்க நேரலாம் என்ற சூழ்நிலை இருந்தால் உயிலே நல்லது. இரண்டு சாட்சிகள் கட்டாயம். சாட்சிகள் பயன்பெறுபவர்களாக இருக்க வேண்டாம், உங்களைவிட இளையவர்களாக இருக்கட்டும். பதிவு கட்டாயம் இல்லை, இருந்தாலும் பதிவு செய்யுங்கள். வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தால், இருவரும் தனித்தனி உயில் எழுத வேண்டும்.

(உ) தனியார் டிரஸ்ட். பிள்ளைக்காகச் சொத்தை டிரஸ்டிகள் என்ற பொறுப்பாளர்கள் நிர்வகிக்கும் ஏற்பாடு இது. ஒன்றுக்கு மேல் சொத்து இருந்தாலோ, கூடப்பிறந்தவர் யாரும் இல்லாவிட்டாலோ இது தேவை. 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டப்படி, அசையாச் சொத்தை டிரஸ்டுக்குத் தர உயிலோ பதிவுசெய்த பத்திரமோ வேண்டும். குடும்ப செட்டில்மென்டுக்கான சலுகைத் தீர்வை டிரஸ்டுக்கு எழுதும்போது கிடைக்காது என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். ஆகவே இப்போது சிறு தொகையோடு டிரஸ்டைத் தொடங்கி, பான் அட்டையும் வங்கிக் கணக்கும் எடுத்து, வீட்டை உயில் மூலம் டிரஸ்டுக்குப் போகும்படி செய்வது சிக்கனம். டிரஸ்டிகள் மூவர் இருக்கட்டும், ஒருவராவது குடும்பத்துக்கு வெளியே. பயனாளியாகப் பிள்ளையின் பெயரைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். யாருக்கு எவ்வளவு என்பதை டிரஸ்டிகள் விருப்பத்துக்கு விட்டால் உச்ச விகிதத்தில் வருமான வரி விழலாம். பத்திரத்தைப் பதிவுக்கு முன் ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

ஒரு விஷயம் எல்லா வழிக்கும் பொருந்தும். வங்கியில் நாமினியாகப் பெயர் போட்டுவிட்டால் அந்தப் பணம் அவருக்கே என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் நாமினி பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்ப்பவர் மட்டுமே. நாமினி பெயரும் உயிலும் ஒன்றோடொன்று முரண்படாமல் பாருங்கள்.

5. மாதச் செலவைக் கணக்கிடுங்கள்

உணவு, மருந்து, டயப்பர், உதவியாளர் சம்பளம், பிசியோதெரபி, வீட்டுப் பராமரிப்பு எல்லாவற்றையும் மூன்று மாதம் எழுதிப் பாருங்கள். நீங்கள் இலவசமாகச் செய்யும் வேலைக்குக் கூலி போட மறக்காதீர்கள்; நாளை அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும்.

இன்று மாதம் 25,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 20 ஆண்டில் அது சுமார் 80,000 ரூபாய். முதலீட்டில் 7 சதவீதம் கிடைத்தால், 30 ஆண்டுக்கு இன்று தேவைப்படும் மொத்தத் தொகை சுமார் 78 லட்சம். மலைக்க வேண்டாம். கீழே உள்ளவை அந்தச் சுமையைக் குறைக்கும்.

குடும்ப ஓய்வூதியம்: மத்திய, மாநில அரசு ஊழியராக இருந்தால், சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு ஆயுள்வரை கிடைக்கும். மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிரோடிருக்கும்போதே பிள்ளையின் பெயரை ஓய்வூதிய ஆணையில் சேர்த்துவிடலாம். இதை இன்றே செய்யுங்கள். உங்களுக்குப் பிறகு பாதுகாவலர் அலைவது மிச்சமாகும். தனியார் ஊழியர்களின் வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த இ.பி.எஸ். ஓய்வூதியத் திட்டத்திலும் நிரந்தரமாக முழுமையாக இயலாத பிள்ளைக்கு வயது வரம்பில்லாமல் ஓய்வூதியம் உண்டு.

மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக. தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. ஆண்டுதோறும் புதுப்பிக்காவிட்டால் காலாவதியாகிவிடும்.

சொந்த வீடு இல்லாதவர்களுக்கு: அரசு வீட்டுத் திட்டங்களில் 5 சதவீத ஒதுக்கீடு 2016 சட்டத்திலேயே உள்ளது, பெண்களுக்கு முன்னுரிமை. தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய ஒதுக்கீட்டுக்கு மனு செய்யும்போது, தரைத்தளம் வேண்டும் என்று மனுவிலேயே எழுதுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து மனு எண் வாங்குங்கள்.

6. இல்லம் தேடுகிறீர்களா? இவற்றைப் பாருங்கள்

மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லம் எதுவாக இருந்தாலும் 2016 சட்டப்படி பதிவுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். அசலைக் காட்டச் சொல்லி, செல்லுபடித் தேதியைப் பாருங்கள். மனநோய்க்கான இல்லமாக இருந்தால் மாநில மனநல ஆணையத்தின் பதிவு வேண்டும். 14 வயதுக்கு மேற்பட்ட அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு மானியத்தோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இலவச இல்லங்களும் உண்டு. பட்டியலை மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

காலை 11 மணிக்குப் போனால் எல்லா இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். மாலை 7 மணிக்குப் போங்கள். இரவுச் சாப்பாடு எப்போது தருகிறார்கள், இரவுப் பணியில் எத்தனை பேர், அவர்கள் விழித்திருப்பவர்களா தூங்குபவர்களா என்று கேளுங்கள். கழிவறையைப் பாருங்கள். அங்கே இருப்பவர்களின் நகங்களையும் பற்களையும் பாருங்கள். மருந்துப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஒரே பேனாவில் ஒரே நேரத்தில் ஒரு மாதத்துக்கும் டிக் அடித்ததுபோல் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். பெண்கள் பகுதியில் இரவில் பெண் பணியாளர் இருக்கிறாரா என்பதில் சமரசமே வேண்டாம். முன்னறிவிப்பில்லாமல் பார்க்க வரக் கூடாது என்கிற இல்லத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

ஒப்பந்தத்தில் எழுத்தில் கேட்க வேண்டியவை: ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கட்டணம் உயரும்? டெபாசிட் திரும்பக் கிடைக்குமா, எத்தனை நாளில்? வலிப்பு அதிகமானால், படுக்கையில் விழுந்தால், கோபம் கட்டுக்கடங்காமல் போனால் வெளியே அனுப்புவார்களா? நடத்துபவர் இறந்தால் யார் நடத்துவார்? 'வாழ்நாள் முழுவதும்' என்று விளம்பரத்தில் போட்டு, ஒப்பந்தத்தில் 'ஒரு மாத நோட்டீஸில் நீக்கலாம்' என்று எழுதுவது உண்டு. கடைசிப் பக்கம் வரை படியுங்கள்.

பெற்றோர் குடியிருப்பில் வீடு வாங்குவதாக இருந்தால், அது விற்பனைப் பத்திரமா, வெறும் தங்கும் உரிமமா என்று பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேல் நிலமோ எட்டு வீட்டுக்கு மேலோ உள்ள புதிய திட்டம் என்றால் ரெரா (கட்டுமானத் திட்டங்களுக்கான ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் கேளுங்கள்.

7. சொந்த வீட்டிலேயே என்றால்

வாசற்படி 6 அங்குல உயரம் இருந்தால் சாய்தளம் 6 அடி நீளம் வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் சக்கர நாற்காலியைத் தனியாகத் தள்ளி ஏற்ற முடியாது. கதவு அகலம் 90 செ.மீ. குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் நீக்க முடிய வேண்டும். வலிப்பு வந்து உள்ளே விழுந்தால் கதவுக்கு முட்டுக்கொடுத்தாற்போல் கிடப்பார்கள். கேஸ் அடுப்புக்குப் பதில் இண்டக்‌ஷன்.

உதவியாளரை ஒருவராக வைக்காதீர்கள். ஒருவர் முழுநேரம், இன்னொருவர் வாரத்தில் ஒன்றரை நாள். பழகிய இரண்டாவது ஆள் இல்லாவிட்டால், முதல் ஆள் ஊருக்குப் போன தீபாவளி வாரத்தில் எல்லாம் குலைந்துவிடும்.

8. பழக்குங்கள், குறிப்பேடு எழுதுங்கள்

பெற்றோர் இறந்த அதே வாரத்தில் புது இடம், புது முகங்கள் என்பது பிள்ளைக்குத் தாங்க முடியாத துயரம். அது வராமல் தடுக்க உங்களால் முடியும். தேர்ந்தெடுத்த இடத்தில் முதலில் பகல் மட்டும், பிறகு ஓர் இரவு, பிறகு ஒரு வாரம், பிறகு ஒரு மாதம் என்று விடுங்கள். இதற்குக் குறைந்தது ஓராண்டு வேண்டும். முதல் சில முறை அழுவது இயல்பு. ஆனால் சாப்பாடு குறைந்தாலோ, பழகிய திறன்கள் மறைந்தாலோ, குறிப்பிட்ட ஒருவரைக் கண்டு ஒதுங்கினாலோ நிறுத்திவிட்டு விசாரியுங்கள்.

குறிப்பேட்டில் மருந்தின் பெயரும் அளவும் மட்டும் போதாது. இந்த மாதிரி எழுதுங்கள்: 'வயிறு வலித்தால் சொல்லமாட்டான், வலது காதைத் தட்டிக்கொண்டே இருப்பான். தயிர்சாதத்தில் கடுகு தெரிந்தால் சாப்பிடமாட்டான். முடிவெட்டுவதற்கு முன் மெஷின் சத்தத்தை இரண்டு நிமிடம் கேட்கவிட வேண்டும். மின்சாரம் போனால் கத்துவான். டார்ச்சை அவன் கையிலேயே கொடுத்தால் அடங்குவான்.' உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கிற இந்த விஷயங்கள்தான் அடுத்தவர் கையில் பிள்ளையின் ஒவ்வொரு நாளையும் தீர்மானிக்கப் போகின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேதி போட்டுத் திருத்துங்கள்.

9. ஆண்டு நாள்காட்டி

மார்ச்: நிராமயா புதுப்பித்தல். ஏப்ரல் முதல் ஜூன் வரை: பாதுகாவலர் கணக்கு, சொத்து வரி. ஜூலை: வருமான வரிக் கணக்கு, பழைய வரி முறையில் இருப்பவர்கள் மாற்றுத்திறனாளி பிள்ளைக்கு 75,000 ரூபாயும், 80 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு என்றால் 1,25,000 ரூபாயும் வருமானத்தில் கழிக்கலாம். நவம்பர்: மத்திய அரசு ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று. டிசம்பர்: இல்ல ஒப்பந்தம், நாமினி பெயர்கள், உயில் ஆகியவற்றை ஒருமுறை எடுத்துப் படிப்பது.

அசல் ஆவணங்கள் ஒரு பெட்டியில், நகல்கள் ஒரு கோப்பில். கோப்பு, அடுத்த பாதுகாவலராகப் போகிறவர் வீட்டில் இருக்க வேண்டும். வங்கி லாக்கரில் அசலை வைத்தால், லாக்கர் உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் இருக்கக் கூடாது. உயில் உள்ளே பூட்டிக் கிடக்க, அதைத் திறக்கவே வாரிசுச் சான்று கேட்பார்கள்.